மஞ்சள் கார் தாண்டி வலது பக்கம்

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில்தான் என் இடது கணுக்கால் முறிந்தது. இத்தனைக்கும் அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. கால் முறிந்த நேரத்தில் நான் நின்றுகொண்டிருந்தது துபாயில், அல் கூஸில், குளிர்சாதனப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த ஒரு கிடங்கில். நம்பாவிட்டால் பரவாயில்லை, முதலிலிருந்து சொல்கிறேன்.

2007 ஜூன் மாதம். ஜெபல் அலி துறைமுகத்தில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தேன். ஷார்ஜாவை அடுத்த அஜ்மானில் மகன் மணிகண்டனின் ஃபிளாட்டில், அவன் எடுத்துக் கொடுத்த விசாவில், நானும் என் மனைவி சரசுவும் ராஜா ராணி மாதிரி இருந்தோம். மகள் அகிலா ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து ஏதோ விஷத்தைப் பிரிக்கிற ஆராய்ச்சி. அவள் மட்டும் அதை முடித்துவிட்டால் உலகத்தில் ஒரு மனிதனுக்கும் வயிற்று வலி வராது என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த ஊரில் கடைசிப் பரீட்சையை ஊரறிய நடத்துகிறார்கள். பெரிய மண்டபம், மேடை, எதிரே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. அகிலா போனில் சொன்னாள்:

"கோயமுத்தூர்ல பட்டம் வாங்கினப்போ ஸ்டாக் எடுக்கறோம்னு சொல்லி வரலை. சென்னையில வாங்கினப்போ லீவு கேன்சல்னு வரலை. இதுக்கு மேல பட்டமே கெடையாதுப்பா. முன் வரிசையில ரெண்டு நாற்காலி போட்டு வெக்கறேன். யாரும் உக்கார விடமாட்டேன். காலியா இருந்தா நான் மேடையில நின்னு அதைத்தான் பாத்துட்டு இருப்பேன்."

இதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா? விசா வாங்கினோம், டிக்கெட் போட்டோம். வியாழக்கிழமை காலை துபாயில் ஏறினால், மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு ஃப்ராங்க்ஃபர்ட். அங்கே வேறு விமானம் மாறவேண்டும். அது இரண்டு ஐந்துக்குக் கிளம்பும்.

"எண்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றான் மணிகண்டன். "அதை விட்டா அடுத்த நாள் காலையிலதான் டிக்கெட் இருக்கு. போய்ச் சேர்றதுக்குள்ள அகிலாவுக்குக் கைதட்டி முடிச்சிருப்பாங்க."

"எண்பத்தஞ்சு நிமிஷத்துல நான் நாப்பது கண்டெய்னர் எறக்கினவன்டா."

"போன வாரம் நாலுன்னு சொன்னீங்க" என்றாள் சரசு, வெங்காயம் உரித்துக்கொண்டே.

மணிகண்டன் ஆபீசிலிருந்து அந்த விமான நிலையத்தின் வரைபடத்தை அச்செடுத்து வந்தான். நான் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். ஏ, பி, சி என்று எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் நம்பர். அம்புக்குறி. ஒரு டீக்கடை இல்லை, ஒரு சலூன் இல்லை, ஒரு மரம் இல்லை. இதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் போவான்?

எங்கள் அஜ்மான் பக்கத்தில் வழி சொல்கிற முறை வேறு. தெருப்பெயர் என்று ஒன்று இருந்தாலும் அந்தத் தெருவில் குடியிருப்பவனுக்கே அது தெரியாது. கடுதாசி தபால்பெட்டிக்கு வரும். ஆள் அடையாளத்துக்கு வருவான். எங்கள் வீட்டுக்கு வழி இப்படி: மீன் மார்க்கெட் ரவுண்டானா தாண்டு, மலபார் ஓட்டல் வரும், அதை ஒட்டின சந்தில் திரும்பு, நீலக் கண்ணாடிக் கட்டடம், கீழே பாகிஸ்தானி சலூன், மேலே மூன்றாவது மாடி. டாக்சிக்காரனுக்கும் இதுதான், போலீசுக்கும் இதுதான், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவனுக்கும் இதுதான். பலகையை நம்பினால் கதை முடிந்தது. ஷார்ஜாவில் 'துபாய் நேரே' என்று போட்டிருக்கும். நேரே போனால் நேற்று ராத்திரி தோண்டின பள்ளம். அந்த வருஷம் இங்கே ரோடுகள் தினம் ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தன. ஆனால் மலபார் ஓட்டல் எங்கேயும் போகாது.

"அடையாளம் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்" என்றேன்.

இருந்தான். கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரன், அல் கூஸில் கிடங்கு சூப்பர்வைசர், என்னோடு ஜெபல் அலியில் பத்து வருஷம் வேலை செய்தவன். 2004-இல் ஏதோ மெஷின் பயிற்சிக்கு அவன் கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பியது. போகும்போதும் வரும்போதும் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகத்தான். அன்றைக்குச் சாயங்காலமே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், சரசு பஜ்ஜி போட்டாள்.

"அண்ணே, கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்" என்றான் கௌஸ். "எறங்குனதும் ஒரு காப்பிக் கடை. வாசனையே கூப்பிடும். அங்கன இடது பக்கம். படி தானா கீழ இறங்கும், அதுல நில்லுங்க. கீழ ஒரு சுரங்கம். தரையே ஓடும், செவுத்துல கலர் கலரா லைட்டு. ஏறி வந்தா ஒரு மேடையில மஞ்சக் கார் ஒண்ணு நிக்கும். அதுதான் முக்கியம், மஞ்சக் காரு. காரைத் தாண்டி வலது பக்கம். பொம்மைக் கடை வரும், வாசல்ல ஆள் உசரத்துக்குக் கரடி. கரடிக்கு எதுத்தாப்புல பாஸ்போர்ட் பாக்குறவன். அவனைத் தாண்டுனா உங்க பிளேனு. கலாஸ், முடிஞ்சுது."

நம் துபாய் விமான நிலையத்தில் பரிசுக் குலுக்கலுக்கு நிறுத்திவைத்திருக்கிற கார்களை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! எல்லா விமான நிலையத்திலும் கார் நிற்கும், எப்போதும் நிற்கும் என்பதில் எனக்கோ கௌஸுக்கோ ஒரு துளி சந்தேகம் வரவில்லை. மஞ்சள் கார் என்று ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

சரசுவை நினைத்தால்தான் பயமாக இருந்தது. பதினாறு வருஷமாக என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விமான நிலையத்தில் நடந்திருக்கிறாள். ஓடுகிற தரை என்றால் பக்கத்தில் இருக்கிற ஓடாத தரையில் நடந்து வருவாள். எண்பத்தைந்து நிமிடத்தில் அது சரிப்படுமா? ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், கௌஸின் கிடங்கில் ஃப்ராங்க்ஃபர்ட்டைக் கட்டினோம். அப்படி ஒரு விமான நிலையத்தை ஜெர்மன்காரன் கட்டியிருக்கமாட்டான். முதல் ரேக்கின் முனையில் ஒரு ஃபிளாஸ்க் டீ. அது காப்பிக் கடை. இரண்டு ரேக்குக்கு நடுவில் இருந்த சந்து சுரங்கம். விளக்குக்காக கௌஸ் கல்யாண வீட்டு சீரியல் பல்பு கொண்டுவந்திருந்தான். மஞ்சள் காருக்கு ஃபோர்க்லிஃப்ட். அது பிறவியிலேயே மஞ்சள். கரடிக்கு, தெர்மோகோல் மூட்டை ஒன்றின் மேல் இன்னொன்று. பாஸ்போர்ட் அதிகாரியாக உட்கார, பக்கத்து லேபர் கேம்பிலிருந்து ராக்கப்பன் வந்திருந்தான். கமுதிப் பக்கத்து ஆள், சென்ட்ரிங் வேலை. அவனே ஆர்வமாகப் பச்சை ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். சரசு வந்து நின்றதும் அவன் முகத்தில் ஏழு நாட்டு அதிகாரம்.

"எங்க போற தாயி?"

"ஸ்வீடனுக்குங்க."

"எதுக்குப் போற?"

"என்ற பொண்ணு டாக்டராகுதுங்க. அதைப் பாக்கறதுக்கு."

"ஊசி போடுற டாக்டரா?"

"ஜெர்மன்காரன் அதெல்லாம் கேக்கமாட்டான்டா!" என்று நான் சுரங்கத்திலிருந்து கத்தினேன்.

"கேப்பான் அண்ணே. நம்ம விசா மெடிக்கல்ல எத்தனை கேள்வி கேட்டாய்ங்க!"

இனி ஓடுகிற தரை. பெட்டி இழுக்கிற ஹேண்ட் பேலட் ஒன்றில் பலகையைப் போட்டோம். ராக்கப்பன் பதவியிலிருந்து இறங்கி வந்து அதைப் பிடித்துக்கொண்டான். அவன் மெதுவாக இழுக்க இழுக்க, சரசு கால் எடுத்து வைக்கவேண்டும். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல என்ன பயம்? இங்க பாரு" என்று நான் முன்னால் வந்தேன். "கால் வெக்கணும், அப்பறம் கைப்பிடியைப் பிடிக்கணும், அப்பறம் சும்மா மகாராஜா மாதிரி..."

ராக்கப்பனுக்கு என் மேல் மரியாதை அதிகம். மகாராஜா என்று காதில் விழுந்ததும் அதற்குத் தகுந்த வேகத்தில் இழுத்தான். பலகை போனது, என் வலது கால் அதோடு போனது, இடது கால் ஃப்ராங்க்ஃபர்ட்டிலேயே நின்றுவிட்டது. நான் கிடங்கின் கூரையைத் தொட்டுவிட்டுக் கீழே வந்ததாக எனக்கு நினைவு. சரசு அரையடிகூட எழும்பவில்லை என்கிறாள்.

டாக்டர் முட்டி வரைக்கும் கட்டுப் போட்டார். ஆறு வாரம் நடக்கக்கூடாது, விமானம் ஏறவே கூடாது. வீட்டுக்கு வந்து சோபாவில் காலை நீட்டிப் படுத்தபோதுதான் எனக்கு உண்மையாக வலித்தது. காலில் இல்லை. அகிலாவிடம் யார் சொல்வது?

"சொல்ல வேண்டாமுங்க" என்றாள் சரசு. "நான் போறேன்."

"தனியாவா? நீயா?"

"ரெண்டு நாற்காலியில ஒண்ணாவது நெறையட்டும்."

"சரசு, அது அஜ்மான் காய்கறி மார்க்கெட் இல்லை. ஒரு முனையில மழை பேஞ்சா மறு முனையில வெயில் அடிக்குமாம். பாத்ரூம் தேடிப் போன ஒருத்தன் வயசாகித் திரும்பி வந்தானாம்."

"யாருங்க சொன்னது?"

"நான்தான் சொல்றேன்!"

அவள் பெட்டியிலிருந்து என் சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் அகிலாவுக்குப் பருப்புப்பொடி டப்பாவை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை மணிகண்டன் அவளை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனான். அவள் நோக்கியா போனுக்கு வெளிநாட்டில் பேசுகிற வசதியைச் செய்து கொடுத்திருந்தான். அம்மா மட்டும்தான் வருகிறாள் என்று அகிலாவுக்கும் அவனே சொல்லியிருந்தான். அவன் அச்செடுத்த வரைபடம் ஒன்று அவள் கைப்பையில், இன்னொன்று எங்கள் டீப்பாயில். கௌஸ் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான். நான் சோபாவில், காதில் போன். அவன் தரையில், மடியில் என் அடையாளக் காகிதம். ராக்கெட் விடுகிறவர்கள்கூட இவ்வளவு பரபரப்பாக உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. அங்கே பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"ஏனுங்க, எறங்கிட்டேன்."

"எதிர்ல என்ன இருக்குது?"

"சனமா இருக்குது. அக்கட்டால ஒரு காப்பிக் கடை..."

"காப்பிக் கடை இருக்குதாம்!" என்று நான் கத்தினேன். கௌஸ் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினான். "இடது பக்கம் திரும்பு சரசு!"

அவள் திரும்பினாள். படி வந்தது. தானாகக் கீழே இறங்கியது. நானும் சோபாவில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். சுரங்கம் வந்தது.

"தரை ஓடுதா?"

"ஓடுதுங்க."

"பயப்படாதே, கைப்பிடியைப் பிடிச்சுக்கோ, காலை..."

"நான் ஏறி பாதி தூரம் வந்துட்டேனுங்க. செவுரெல்லாம் நீலமா, அப்பறம் பச்சையா மாறுது. மேல ஏதோ கொட்டு மாதிரி சத்தம் வேற வருது. அகிலா சின்னவளா இருந்தா இதைவிட்டு எறங்கவேமாட்டா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சரசு, ஜெர்மனியின் வயிற்றுக்குள், ஓடுகிற தரையில்! அஜ்மானில் இருந்துகொண்டு ஒரு மனுஷியைக் கயிறில்லாமல் நடத்திக்கொண்டு போகிறேன். அவள் மேலே ஏறி வந்தாள். மணி மூன்று பத்து. எண்பத்தைந்தில் முப்பதுதான் செலவு.

"இப்ப மஞ்சக் காரு" என்றான் கௌஸ், மெதுவாக, கோயில் கதவு திறக்கப்போகிறவன் மாதிரி.

"மஞ்சள் கார் பாரு சரசு."

"காணோமுங்க."

"பெரிசா நிக்கும். மேடை மேல."

"மேடையும் இல்லை, காரும் இல்லை. பூந்தொட்டிதான் இருக்குது. ஏனுங்க, மேல பலகையில ஏ-ன்னு போட்டு இடது பக்கம் அம்பு காட்டுதுங்க. என்ற டிக்கெட்டுல ஏ இருபத்தாறுன்னுதான் இருக்குது."

"இடது பக்கமா? கௌஸ், இடதுங்கறா."

"இல்லண்ணே, வலது. அல்லா மேல ஆணையா வலது. காரு இன்னும் வந்திருக்காது. கொஞ்சம் தள்ளி இருக்கும்."

"சரசு, பலகையை நம்பாதே! பலகையை நம்பி ஷார்ஜாவுல எத்தனை தடவை பள்ளத்துல போய் நின்னோம்? கார் வர்ற வரைக்கும் வலது பக்கமாப் போ."

"சரிங்க" என்றாள்.

நடந்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. கடிகாரக் கடை, கண்ணாடிக் கடை, சாக்லேட்டுக் கடை. பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனாள். மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை மஞ்சள் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. அது ஒரு குழந்தையின் சட்டை.

"ஏனுங்க, அந்த அம்பு எல்லாம் எனக்குப் பின்னால போயிருச்சு."

"இன்னும் கொஞ்ச தூரம்."

"கடையெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. ஒரு செவுருதான் இருக்குது. ஒரு அம்மா தரை தொடைக்கற மெஷினைத் தள்ளிட்டு வருது."

மணி மூன்று இருபத்தெட்டு. கௌஸின் முகத்தைப் பார்த்தேன். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோன ஆள் மாதிரி இருந்தான். என் முகம் அதைவிட மோசமாக இருந்திருக்கவேண்டும்; அவன் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

"சரசு, கவலைப்படாதே. கரடி. கரடியைப் பாரு. பொம்மைக் கரடி..."

போனில் வேறொரு குரல் குறுக்கே வந்தது. தமிழ்!

"அக்கா, தமிழோ? என்ன தேடுறியள்?"

"மஞ்சக் காருங்க" என்றாள் சரசு.

பிறகு இரண்டு பேரும் போனை விட்டுத் தள்ளி ஏதோ பேசிக்கொள்வதும், போன் கை மாறுகிற சத்தமும்.

"ஹலோ அண்ணை. நான் ஷியாமளா. யாழ்ப்பாணம். இஞ்சை பதினேழு வருசமா வேலை செய்யிறன். ஆர் அக்காவை இந்தப் பக்கம் அனுப்பினது?"

"நான்தாங்க. காருக்கு வலது பக்கம்..."

"என்ன கார்?"

"மஞ்சள் கார்."

"ஐயோ, அது ஒரு விளம்பரத்துக்குக் கொண்டந்து வச்சவை. ஒரு மாசம் நிண்டது. பிறகு எடுத்துக்கொண்டு போட்டினம். அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் மறிச்சு வேற மாதிரிக் கட்டியும் போட்டாங்கள்."

"கரடி?"

"கரடியுமோ! அண்ணை, காரையும் கரடியையும் பார்த்து ஆராவது ஏர்ப்போட்டுக்குள்ளை போவினமோ? மேலை எழுதிக் கிடக்கு. அதைப் பார்த்துத்தானே போறது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஷார்ஜாவில் என்று ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே? அக்கா வந்த உடனை எனக்குக் காட்டினவா, அந்தா அம்பு அங்காலை கிடக்கு, இவர் இஞ்சாலை போகச் சொல்லுறார் எண்டு. அவவுக்கு வழி விளங்குது. நீங்கள்தான் விடுறியள் இல்லை. நான் கூடப் போகேலாது, என்ரை வேலை இந்தத் துண்டிலைதான். நீங்கள் போனை வையுங்கோ, அவ ஓடிப் போயிடுவா."

"வெச்சுட்டா அவ தனியா..."

"வையுங்கோ அண்ணை!"

போன் மறுபடியும் சரசு கைக்குப் போனது.

"ஏனுங்க, வெக்கறேன்."

"சரசு! சரசு, இரு..."

வைத்துவிட்டாள். முப்பத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் என் பேச்சின் நடுவில் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்று முப்பத்தொன்று. விமானம் நான்கு ஐந்துக்கு. பதினைந்து நிமிஷம் முன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று மணிகண்டன் சொல்லியிருந்தான். நடந்த தூரம் அத்தனையும் திரும்பி நடக்கவேண்டும், பாஸ்போர்ட் வரிசையில் நிற்கவேண்டும், பிறகு ஏ இருபத்தாறு. பத்தொன்பது நிமிஷம்.

"அண்ணே, என்னைத் திட்டிருங்க" என்றான் கௌஸ்.

"இருடா, முதல்ல என்னைத் திட்டி முடிச்சுக்கறேன்."

டீப்பாயிலிருந்த வரைபடத்தை இழுத்தேன். வேறு எதைப் பார்ப்பது? முதல் தடவையாக அதைக் கண் திறந்து பார்த்தேன். ஏ, பி, சி. ஒவ்வொன்றிலும் வரிசையாக நம்பர். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். மேலே அம்பு, மூலையில் அம்பு, திருப்பத்தில் அம்பு.

இது என் ஸ்டோர்!

ஜெபல் அலியில் ஒவ்வொரு ரேக்குக்கும் எழுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நம்பர் என்று பலகை எழுதி மாட்டியவன் நான்தான். புதிதாக வந்த ஆள் "அந்தச் சிவப்பு டிரம்முக்குப் பக்கத்துல இருக்குது சார்" என்று சொன்னால் அவனை ஜெபல் அலியிலிருந்து ஓமன் எல்லை வரைக்கும் விரட்டியிருக்கிறேன். டிரம் நாளைக்குப் போய்விடும்டா, பலகை போகாதுடா என்று இருபத்தேழு வருஷம் கத்தியிருக்கிறேன். அந்தக் கத்தலைக் கேட்டவர்களில் முதல் ஆள், இதோ, என் காலடியில் உட்கார்ந்திருக்கிற கௌஸ் முகம்மது. வரைபடத்தை அவனிடம் நீட்டினேன். அவன் பார்த்தான். விரலால் வரிசையைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"ஏ ரேக்கு, இருபத்தாறாம் தட்டு" என்றான் கடைசியில், அழாத குறையாக.

"நம்ம ஸ்டோர்ல இதை எடுக்க உனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நிமிஷம் அண்ணே."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துதுடா. வாயைத் தொறந்து சொன்னா. நான்தான் கேக்கலை."

மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. நான் போனை எடுத்து எடுத்து வைத்தேன். கூப்பிட்டால் அவள் எடுப்பாள், எடுத்தால் நிற்பாள், நின்றால் போயிற்று. வாழ்க்கையில் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த நேரம் அதுதான், ஒரு யுகம். கௌஸ் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மேடையில் நின்று இரண்டு காலி நாற்காலியைப் பார்க்கிற அகிலாவின் முகம் எனக்கு வந்து வந்து போயிற்று. மூன்று ஐம்பது. கதவு சாத்தியிருப்பார்கள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. கௌஸ்தான் எடுத்து என் காதில் வைத்தான்.

"ஏனுங்க."

"சரசு, எங்க இருக்கறே? சுவத்துக்கிட்டயா?"

"ஜன்னலோர சீட்டுங்க."

நான் எழுப்பிய சத்தத்தில் கீழே சலூனிலிருந்து பாகிஸ்தானிக்காரர் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். கையில் சோப்பு நுரையோடு பிரஷ். கௌஸ் அவரைக் கட்டிப்பிடித்து நுரையை முகத்தில் பூசிக்கொண்டான். போனில் சரசு பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரே ஓட்டமுங்க. புடவையை முட்டி வரைக்கும் தூக்கிட்டு ஓடினேன். ஏ-ன்னா ஏ, அது எங்க திரும்புதோ நானும் திரும்பினேன். ஒரு எடத்துலகூட ஏமாத்தலைங்க அந்தப் பலகை! பாஸ்போர்ட் வரிசை இம்முட்டு நீளம். முன்னால நின்ன பையன்கிட்ட டிக்கெட்டைக் காட்டி மணியைக் காட்டினேன். அவன் அடுத்த ஆளுகிட்டக் காட்டினான். அப்படியே கைமாத்திக் கைமாத்தி என்னை முன்னால விட்டுட்டாங்க. அந்த ஆபீசர் ஒரு கேள்வி கேக்கலை, டமார்னு குத்திக் குடுத்துட்டான். இருபத்தாறுக்கு வந்து பாத்தா பிளேனே இல்லை!"

"ஐயோ!"

"அட, கேளுங்க. ஒரே ஒரு வெள்ளைக்காரர் பேப்பர் படிச்சுட்டு ஹாயா உக்காந்திருக்காரு. கோத்தன்பர்க்கான்னேன். யெஸ்ஸுன்னாரு. எனக்குச் சந்தேகமாப் போச்சு. டிவி மாதிரி ஒண்ணு தொங்குதில்லைங்க, அதைப் போய்ப் பாத்தேன். கேட்டை முப்பத்து நாலுக்கு மாத்திட்டானுங்க! அந்த ஆள் தோளைத் தட்டி, கம், கம்முன்னு இழுத்துட்டு ஓடியாந்தேன். கதவைச் சாத்தப் போனவ எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு மறுபடியும் தொறந்தா. இப்ப எனக்கு முன் சீட்டுலதான் உக்காந்திருக்காரு. திரும்பித் திரும்பிக் கும்புடறாரு."

"நீ கேட் மாத்தினதை... நீயாவே..."

"போனை அணைக்கச் சொல்றாங்க. வர்றப்பவும் இதே வழிதானுங்க. நீங்க ரெண்டு பேரும் அன்னைக்குத் தூங்குங்க."

வைத்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டாவது தடவை.

சலூன்காரருக்குக் கௌஸ் இந்தியில் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தான். பாபி, அதாவது அண்ணி, ஜெர்மனியில் ஒரு வெள்ளைக்காரனைக் காப்பாற்றினார் என்று. நான் நடுவில் புகுந்து, "ஒருத்தன் இல்லை பாய், நாலு பேர்" என்று திருத்தினேன். உடனே அகிலாவுக்குப் போன் போட்டேன். அவள் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"அகிலா, உங்கம்மா ஃப்ராங்க்ஃபர்ட்டையே தலைகீழாப் பொரட்டிட்டா! வழி தெரியாம அழுதுட்டு இருந்த பதினோரு வெள்ளைக்காரனுங்களை வரிசையா நிறுத்தி, புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கச் சொல்லி..."

"அப்பா. அப்பா! எத்தனை பேருன்னு நான் அம்மாகிட்டயே கேட்டுக்கறேன். அம்மா ஏறிட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. மூன்று மணியிலிருந்து அவளும் எங்கள் மாதிரியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏறிட்டா கண்ணு" என்றேன். "ஜன்னலோர சீட்டு."

மறுமுனையில் போன் மேசையில் விழுகிற சத்தம். பிறகு அவள் தூரத்தில், அறையில் இருந்த யாரிடமோ, எனக்குத் தெரியாத அந்த ஊர் மொழியில் கத்திச் சொல்வதும், நாலைந்து பேர் சேர்ந்து கைதட்டுவதும் கேட்டது.